40 அடிப் படகு: பாயா, மோட்டரா? எண்ணெய்ச் செலவு எவ்வளவு வரும்?

புங்கையூரான்

எல்லோருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் அடுத்த வருடம் ஓய்வு பெற்று ஊருக்கு வருகிறார். வந்ததும் 40 அடியில் ஒரு படகு வாங்கிக் குறிகட்டுவான் இறங்குதுறையில் கட்டி வைத்து, வருகிற ஆட்களுக்குத் தீவுகளைச் சுற்றிக் காட்டுவதாகத் திட்டம். வருடத்தில் ஓரிரு தடவை காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினம் போய் வரவும் ஆசையாம்.

அவர் மோட்டர் யொட் என்கிறார், நான் பாய்ப்படகு என்கிறேன். தொலைபேசியில் இரண்டு கிழமையாக இதே கதைதான். "பாய்ப்படகிலும் எஞ்சின் இருக்கிறதுதானே? காற்று விழுந்தால் அதைத்தான் ஓட்டவேண்டும். பிறகு எண்ணெய்ச் செலவில் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கடலோடு புழங்கியவர்கள் யாராவது சரியான கணக்கைச் சொல்லுங்கோ.

டீசல்மணம்

நான் 11 வருடம் துபாயில் ஒரு மரீனாவில் எஞ்சின் வேலை பார்த்தவன். மச்சான் கேட்டது நல்ல கேள்வி, ஆனால் பதில் அவர் நினைக்கிற பக்கத்தில் இல்லை. பாயை விரிக்கவே விரிக்காமல் வெறும் எஞ்சினில் ஓட்டினாலும் பாய்ப்படகு மோட்டர் யொட்டில் பத்தில் ஒரு பங்குதான் குடிக்கும்.

காங்கேசன்துறை – நாகபட்டினம் சுமார் 60 கடல் மைல். அதையே வைத்துப் பார்ப்போம்.

40 அடி மோட்டர் யொட் என்றால் பின்னால் இரண்டு டீசல் எஞ்சின், ஒவ்வொன்றும் 350 குதிரைவலுவுக்குக் கிட்ட. 22 நொட்டில் (மணிக்கு 22 கடல் மைல்) ஓடினால் இரண்டும் சேர்ந்து மணிக்கு 120 லீற்றர் போகும். மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் 330 லீற்றர் முடிந்திருக்கும். அதாவது மைலுக்கு ஐந்தரை லீற்றர்.

அதே நீளப் பாய்ப்படகில் 40 குதிரைவலுவில் ஒரே ஒரு சின்ன டீசல் எஞ்சின் இருக்கும். 6 நொட்டில் மணிக்கு 3 லீற்றர். பத்து மணி நேரம் ஓடும், 30 லீற்றர் போகும். நல்ல காற்றில் பாயில் போனால் துறைமுகத்தை விட்டு வெளிக்கிடவும் அங்கே உள்ளே போகவும் மட்டும் எஞ்சின், இரண்டு மூன்று லீற்றரோடு சரி.

இன்னொன்று. மோட்டர் யொட் நங்கூரம் போட்டு நிற்கும்போதும் குடிக்கும். ஏசிக்கு ஜெனரேற்றர் ஓடவேண்டுமே. அது மட்டும் மணிக்கு இரண்டு மூன்று லீற்றர்.

புங்கையூரான்

அண்ணை, எட்டு ஒன்பது தொன் படகுக்கு மணிக்கு 3 லீற்றரா? எங்கள் பக்கத்தில் 18 அடி ஃபைபர் படகே அதைவிடக் கூடக் குடிக்கிறதே. ஒரு பூச்சியம் தவறிப் போச்சுதோ?

கரையூர் மெக்கானிக்

பூச்சியம் தவறவில்லை. தம்பி குருநகர்ப் பக்கம் காலையில் வந்து பார்க்கட்டும். படகுகள் கிளம்பிப் போன பிறகு தண்ணீருக்கு மேல் எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் மிதக்கும். அது சிந்தியது என்று சனம் நினைக்கிறது. அதில் முக்கால்வாசி எஞ்சின் புகைக்குழாயால் எரியாமல் வெளியே தள்ளினது.

எங்கட ஆட்கள் பூட்டுவது ரூ-ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் அவுட்போட், படகின் பின்பக்கம் வெளியே கொழுவுகிற எஞ்சின். அதில் பழைய புகையை வெளியே தள்ளுவதற்குப் புதுக் கலவையே உள்ளே வரும், அப்போது கொஞ்சம் கலவையும் சேர்ந்து வெளியே ஓடிவிடும். நாலில் ஒரு பங்கு அப்படியே போகும் என்று வையுங்கள். அதற்கு மேலே மண்ணெண்ணெயில் ஓடவேண்டும் என்பதற்காக அமுக்கத்தைக் குறைத்துச் செய்த எஞ்சின். 15 குதிரைவலுவுக்கு முழு வேகத்தில் மணிக்கு 6, 7 லீற்றர் சாதாரணம். லீற்றருக்கு இரண்டு குதிரைவலு-மணி கிடைத்தால் பெரிய காரியம். நல்ல டீசல் எஞ்சினில் அதே லீற்றருக்கு நாலரை கிடைக்கும்.

மைல் கணக்கில் பார்த்தால் இன்னும் வயிறு எரியும். ஃபைபர் படகு மைலுக்கு அரை லீற்றருக்கு மேல். ஒன்பது தொன் பாய்ப்படகும் மைலுக்கு அரை லீற்றர்தான்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340 ஆனது நினைவிருக்கும்தானே. அந்த மாதம் என் கடையில் வேலையே இல்லை, எஞ்சின் ஓடினால்தானே பழுதாகும். அப்போது கரையில் ஒரு பெரியவர் பரணில் கிடந்த பழைய பாயை எடுத்து வந்து வெயிலில் விரித்தார். எலி கடித்த ஓட்டை, நான் எண்ணினேன், பதினேழு. சீனி மூட்டைச் சாக்கை வெட்டி ஒட்டுப் போட்டுத் தைத்துக்கொண்டு மூன்றாம் நாள் தொழிலுக்குப் போனார்.

டீசல்மணம்

மெக்கானிக் அண்ணை எஞ்சின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். படகின் உடம்புப் பக்கத்தை நான் சொல்கிறேன், மச்சானின் கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது.

படகு ஓடும்போது அணியத்தில், அதாவது முன்மூக்கில், ஓர் அலை எழும்பும் தெரியும்தானே. வேகம் கூடக் கூட அந்த அலை நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகிவிடும். அதற்கு மேலே போக வேண்டுமென்றால் படகு தான் எழுப்பிய அலையின் மேலே தானே ஏறவேண்டும். மேட்டில் வண்டி தள்ளுகிற மாதிரி. அந்த எல்லைக்கு ஒரு கணக்கு உண்டு: தண்ணீர்க் கோட்டில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் பார்த்து, 1.34ஆல் பெருக்கினால் நொட்டில் வரும். 40 அடிப் பாய்ப்படகுக்குத் தண்ணீர்க் கோடு 34 அடி என்றால் 7.8 நொட்.

பாய்ப்படகு அந்த எல்லைக்குக் கீழேயே சீவிக்கிறது. ஒடுங்கிய உடம்பு, பின்பக்கம் கூம்பி மேலே ஏறியிருக்கும், தண்ணீர் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் 3 லீற்றர். அதே படகை ஏழரை நொட்டுக்கு முறுக்கிப் பாருங்கள், மணிக்கு 7, 8 லீற்றர் கேட்கும். ஒன்றரை நொட் கூடினதுக்கு இரண்டரை மடங்கு எண்ணெய்.

மோட்டர் யொட் அந்த அலை மேட்டை ஏறித் தாண்டித் தண்ணீருக்கு மேலே வழுக்கி ஓடச் செய்த சாமான். எழுநூறு குதிரைவலு எல்லாம் அந்த ஏற்றத்துக்குத்தான். "சரி, மெதுவாக ஓட்டினால்?" என்று மச்சான் கேட்பார். மெதுவாக ஓட்டலாம், 7 நொட்டில் இரண்டு எஞ்சினும் சேர்ந்து 16 லீற்றர் அளவில் வரும், மைலுக்கு இரண்டேகால். பாதிக்கு மேலே மிச்சம்தான். ஆனாலும் பாய்ப்படகைவிட நாலு மடங்கு, ஏனென்றால் பின்பக்கம் தட்டையாக வெட்டிய உடம்பு மெதுவாகப் போகையில் ஒரு குளத்தையே பின்னால் இழுத்துக்கொண்டு போகும். அதோடு பெரிய டீசலை நாள்முழுக்க ஐட்லிங்குக்குச் சற்று மேலே ஓட்டினால் கரி பிடிக்கும்.

பளைச் சந்தி

அலை மேடு, வர்க்கமூலம் எல்லாம் எனக்கு விளங்காது. ஆனால் டீசல்மணம் சொல்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

93இல், சண்டைக் காலத்தில், கிளாலிக் கடல்நீரேரியால் கடந்த ஆட்கள் இங்கே பலர் இருப்பீர்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அம்மாவோடும் தங்கச்சியோடும் இரவில் ஏறினோம். முன்னால் ஒரு படகில் மட்டும்தான் எஞ்சின். அதன் பின்னால் கயிறு கட்டி ஒன்றன் பின் ஒன்றாக நாலைந்து வள்ளம், ஒவ்வொன்றிலும் ஆட்கள், சைக்கிள், மூட்டை. ஒரு சின்ன அவுட்போட் அவ்வளவையும் இழுத்தது. எண்ணெய் கிடைக்காத காலம், ஒரு போத்தல் மண்ணெண்ணெயைத் தங்கம் மாதிரிப் பார்த்த காலம். எங்கள் வள்ளம் கடைசி. கயிறு இறுகும்போது ஒரு இழுவை, தளரும்போது ஒரு நிதானம், இரவு முழுக்க அந்த ஆட்டம். இன்றைக்கும் சில நேரம் படுக்கையில் அது வரும்.

அந்த எஞ்சினை அதிகம் முறுக்கினால் கயிறுதான் அறும் என்று ஓட்டி சொன்னது நினைவிருக்கிறது. மெதுவாகப் போனதால்தான் அவ்வளவு பேரையும் இழுக்க முடிந்திருக்கிறது என்பது இப்போது இதை வாசிக்கும்போது விளங்குகிறது.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் பாய்க்கே வாக்குப் போடுகிறீர்கள், ஒரு எதிர்க்கட்சி வேண்டாமா.

பாய் இனாம் இல்லை. எங்கட வெயிலில் எட்டு வருடம் பாவித்தால் அதிகம், 40 அடிக்கு ஒரு தொகுதிப் பாய் மாற்றப் பல இலட்சம் போகும். பாய்மரத்தைப் பிடித்து நிற்கிற கம்பிகளைப் பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்றவேண்டும். அதையும் மைலால் பிரித்து எண்ணெய்க் கணக்கில் போடுங்கள்.

வருடம் 500 மைல் ஓடுகிறார் என்று வைப்போம். மோட்டர் யொட்டுக்கு 2,750 லீற்றர், பாய்ப்படகை முழுக்க எஞ்சினில் ஓட்டினாலும் 250. வித்தியாசம் 2,500 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று பிடித்தால் ஏழரை இலட்சம். எட்டு வருடத்தில் அறுபது இலட்சம். சரி, பாயும் கம்பியும் மாற்றியும் கொஞ்சம் மிஞ்சும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மச்சான் 100 மைல்தான் ஓடுவார் என்றால் மிஞ்சுவது ஒன்றுமில்லை, ஓடாமல் நிற்கிற படகில் மோட்டர் என்ன, பாய் என்ன. வெளிநாட்டில் இருந்து வந்து படகு வாங்கின எத்தனை பேர் மூன்றாம் வருடமும் ஓடினார்கள்?

அதைவிட, நயினாதீவுக்குப் போகிற சனம் இருபது நிமிடத்தில் கோயில் வாசலில் நிற்கவேண்டும். அவர்களை ஏற்றிக்கொண்டு நீங்கள் பாய் ஏற்றி முடிக்கவே இருபது நிமிடம்.

வல்வைக் கிழவன்

பிள்ளைகள், இவ்வளவு நேரமும் எண்ணெயைப் பற்றித்தான் கதைக்கிறீர்கள், காற்றைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. காற்றுத்தானே பாய்க்காரனுக்கு எண்ணெய்.

காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினம் ஏறக்குறைய நேர் வடக்கு, கொஞ்சம் மேற்கே சாய்வு. சோளகம் தென்மேற்கால் வரும். அப்படியென்றால் வைகாசியில் இருந்து ஆவணி வரை போகும்போது இடப்பக்கப் பின்விலாவில் காற்றுப் பிடிக்கும், அதைவிட நல்ல ஓட்டம் இல்லை. திரும்பும்போது அதே காற்று வலப்பக்க முன்விலாவில். கொஞ்சம் சரிந்து, நனைந்துகொண்டுதான் வரவேண்டும், ஆனால் வரலாம். மார்கழி, தையில் வாடை வடகிழக்கால். போகும்போது முன்விலா, வரும்போது பின்விலா. இரண்டு பருவத்திலும் இரண்டு பக்கமும் பாயிலேயே போய்வரக்கூடிய ஓட்டம் இது. எங்கட முன்னோர் சும்மாவா இந்தக் கடலில் வியாபாரம் செய்தார்கள்.

எங்கட பழைய பாய்க்கு முன்விலாக் காற்றை இவ்வளவு நெருங்கிப் பிடிக்க முடியாது, இரண்டு மூன்று தரம் திருப்பித் திருப்பி ஓடவேண்டும். இப்போதைய யொட்டுக்கு அடியில் ஆழமான ஏரா (கீழே தகடு மாதிரி இறங்கும் கீல்) இருப்பதால் அது பிடிக்கும்.

சித்திரையிலும் ஐப்பசியிலும்தான் வில்லங்கம். காற்றுச் செத்து, கடல் பீங்கான் மாதிரிக் கிடக்கும். அப்போது மச்சானுடைய எஞ்சின் ஓடட்டும்.

1930இல் எங்கட ஊரில் கட்டின அன்னபூரணி அம்மாளை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரை வைத்து, வல்வெட்டித்துறைக் கடலோடிகளையே கொண்டு ஓட்டுவித்தார். 1938இல் அது அமெரிக்காவில் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. அந்தக் கப்பல் காற்றில் போனதுதான். நீங்கள் நாகபட்டினத்துக்கு 330 லீற்றர் என்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை

ஐயா, அன்னபூரணியில் போனவர்களுக்குத் திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டிய அவசரம் இருக்கவில்லை.

வல்வைக் கிழவன்

மச்சானும் ஓய்வு பெற்றுத்தானே வருகிறார், தம்பி?

நெடுந்தீவுக் குதிரை

ஐயாவின் ஏராவில்தான் எனக்குச் சந்தேகம். 40 அடிப் பாய்ப்படகின் ஏரா தண்ணீருக்குக் கீழே 1.8, 2 மீற்றர் இறங்கும். எங்கட பரவைக்கடலில் பல இடங்களில் இடுப்பளவு, நெஞ்சளவுத் தண்ணீர். வாய்க்காலை விட்டு ஒரு வளைவு தப்பினால் சேற்றில் ஊன்றி நிற்கும், பெருக்குக்குக் காத்திருக்கலாம் என்றால் எங்களுக்குப் பெருக்கு வற்றும் பெரிதாக இல்லை. தூக்கி விடுவதற்கு ஆட்கள் தேடவேண்டும்.

தீவுகளைச் சுற்றத்தான் படகு என்றால் இரட்டை உடம்புக் கட்டமரானைப் பாருங்கள் (எங்கட கட்டுமரத்தின் பெயர்தான், விலையைக் கேட்டால் மட்டும் வெள்ளைக்காரன்). ஆழம் 1.2 மீற்றருக்குள் நிற்கும். இரண்டு சின்ன எஞ்சின் இருக்கும், அமைதியான கடலில் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதில் ஓடலாம். மேற்கூரையில் சூரியத் தகடு போட இடமும் இருக்கும், பற்றரிக்காக எஞ்சினை ஓட்டி எண்ணெய் எரிக்கத் தேவையில்லை.

அதோடு சாதாழை, கடலில் வளரும் புல். நெடுந்தீவுப் பக்கம் காற்று மாறும்போது கடலில் சாதாழை மெத்தை மாதிரி மிதந்து வரும். எஞ்சினின் தண்ணீர் உறிஞ்சும் வாயை அடைத்தால் சூடேறி நிற்கும். பாய் இருந்தால் அந்த நேரம் வீடு வந்து சேரலாம். எண்ணெய்க் கணக்கில் வராத கணக்கு இது.

கோப்பாய்ச் சூரியன்

சூரியத் தகடு என்றதும் ஒரு சின்னச் செய்தி. கேரளாவில் வைக்கத்தில் 2017 ஜனவரியில் இருந்து ஆதித்யா என்று 75 பேர் போகிற படகு சூரிய மின்சாரத்திலேயே ஓடுகிறது. தூரம் இரண்டரை கிலோமீற்றர் அளவுதான். நயினாதீவுக்கு அப்படி ஒன்று விட்டால் என்ன என்று பல வருடமாகக் கேட்கிறேன். இந்த இழைக்கு இது சம்பந்தமில்லை, மன்னிக்கவும்.

டீசல்மணம்

சம்பந்தம் உண்டு. ஒடுங்கிய இரட்டை உடம்பு, ஐந்தாறு நொட் வேகம், அதனால்தான் கூரையில் விழுகிற வெயில் போதுமாகிறது. 22 நொட் கேட்கிறவருக்கு அந்த வெயில் காணாது.

நெடுந்தீவார் சொன்ன கட்டமரானில் ஒன்றைக் கவனியுங்கள். சுமை ஏற்றினால் அது குடிக்கும். ஆட்களும் தண்ணீரும் ஜெனரேற்றரும் ஏற்றி ஏற்றி அமிழ்த்திவிட்டால் ஒடுங்கின உடம்பின் பலன் போய்விடும். புரொப்பெல்லரும் மடங்குகிற வகையாக இருக்கட்டும். மூன்று இதழ் நிலையாக நின்றால் பாயில் ஓடும்போது அரை நொட்டுக்கு மேல் இழுத்துப் பிடிக்கும், அந்த அரை நொட்டுக்குப் பொறுமையில்லாமல்தான் எல்லோரும் எஞ்சினைப் போடுகிறார்கள். பாய்ப்படகுக்காரரின் டீசல் பெரும்பாலும் பொறுமை இல்லாத நேரத்தில் எரிந்ததுதான்.

கரையூர் மெக்கானிக்

அடியில் பிடிக்கிற சிப்பியை மறந்துவிட்டீர்கள். எங்கட தண்ணீர் சூடு, இரண்டு மாதம் சும்மா கட்டி வைத்தால் போதும், அடி முழுக்கச் சிரங்கு மாதிரிப் பிடித்துவிடும். மேலே சொன்ன லீற்றர் எல்லாம் சுத்தமான அடிக்கு. சிப்பியோடு ஓடினால் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

புங்கையூரான் தம்பி, வாதாடுவதைவிட ஒரு நாள் அளந்து பாருங்கள். ஈர்க்குக் குச்சியைத் தாங்கிக்குள் விட்டு அளக்காதீர்கள், படகு ஆடும், குச்சி பொய் சொல்லும். கானைத் தராசில் நிறுங்கள். மண்ணெண்ணெய் லீற்றர் 800 கிராம்.

புங்கையூரான்

அளந்துவிட்டேன்! சிநேகிதன் ஒருவனின் 18 அடி ஃபைபர் படகு, 15 குதிரைவலு. குறிகட்டுவானில் இருந்து எழுவைதீவு, ஐந்து கடல் மைல் வரும். காலை ஆறு மணி, காற்றே இல்லை. மளிகைக் கடைத் தராசில் கானை நிறுத்துவிட்டுப் போனோம், சிறுசு ஒரு மீன் தராசையும் கையில் கொண்டு போனோம்.

போகும்போது முழு வேகம். 25 நிமிடம், கானில் 2 கிலோ 150 கிராம் குறைந்திருந்தது, அதாவது 2.7 லீற்றர்.

திரும்பும்போது வேண்டுமென்றே மெதுவாக. 55 நிமிடம், 1 கிலோ 450 கிராம், 1.8 லீற்றர். சிநேகிதன் பாதி வழியில் "நடந்தே போயிருக்கலாம்" என்றான்.

அடுத்த நாள் இன்னொரு தடவை, இரண்டுக்கும் நடுவேகத்தில். சிக்கனமாக இருக்கும் என்று நினைத்தேன். அணியம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, பின்பக்கம் குழியில் இருக்க, 38 நிமிடத்தில் 3 லீற்றர் போனது. முழு வேகத்தைவிடக் கூட! டீசல்மணம் அண்ணை சொன்ன அலை மேட்டில் நாங்கள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மச்சானுக்கு இந்த மூன்று கணக்கையும் அனுப்பினேன். ஒரு நாள் பதில் இல்லை. இன்று காலை, கட்டமரான் ஒன்றின் படம் வந்திருக்கிறது, கீழே "இது என்ன விலை வரும்?" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

மளிகைக் கடைக்காரருக்குத்தான் கோபம். தராசுத் தட்டில் மண்ணெண்ணெய் மணம் போகவில்லையாம், சீனி வாங்க வந்த ஆட்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்களாம்.

கரையூர் மெக்கானிக்

அளந்தது சரி. எஞ்சினை நிறுத்துவதற்கு முதல் குழாயைப் பெற்றோலுக்கு மாற்றி இரண்டு நிமிடம் ஓட விட்டீர்களா? மண்ணெண்ணெயோடு நிறுத்தினால் கார்பரேட்டரில் தங்கி நிற்கும், காலையில் எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் வராது.

புங்கையூரான்

அண்ணை, கடை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?